எஞ்சின் நின்றதா, ஓடியதா? சிறு விமான விபத்தில் தடயம் பார்க்கும் முறை

கேள்வி: எங்கள் உறவினர் ஓட்டிய ஒற்றை எஞ்சின் விமானம் விழுந்து நொறுங்கியது, அவர் உயிர் தப்பவில்லை. "சத்தம் நின்ற பிறகுதான் விழுந்தது" என்கிறார்கள் பார்த்தவர்கள். கறுப்புப் பெட்டி கிடையாது. எஞ்சின் நின்றுபோனதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: எஞ்சின் ஓடியதா என்பதற்குப் பெரும்பாலும் உடைந்த பாகங்களே பதில் சொல்லிவிடும். ஏன் நின்றது என்பதுதான் கஷ்டமான கேள்வி.

பார்த்தவர்கள் சொன்னதைப் பதிவு செய்வார்கள். அதை மட்டும் நம்பி முடிவெடுக்க மாட்டார்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்பவர் காதுக்குச் சத்தம் வந்து சேரவே சுமார் 3 விநாடி ஆகும். விமானி த்ராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) குறைத்தாலும் கீழே நிற்பவருக்கு எஞ்சின் நின்றது போலத்தான் தோன்றும்.

முதலில் பார்ப்பது ப்ரொப்பெல்லரை. அலகின் (சுழலும் தகட்டின்) அகலவாக்கில் கீறல்கள் இருந்தால், மோதும்போது அது சுற்றிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். சுற்றியது என்பதற்காக எஞ்சின் சக்தி கொடுத்தது என்று சொல்லிவிட முடியாது; எதிர்க்காற்றே அதைச் சுற்றவைக்கும். அலகு முறுக்கிக்கொண்டு 'எஸ்' வடிவில் வளைந்து, நுனி முன்பக்கம் மடங்கி, முன்விளிம்பில் ஆழமான வெட்டுகள் இருந்தால்தான் சக்தி இருந்ததற்கு வலுவான அடையாளம். ஓர் அலகு நேராகவே இருக்க, மற்றது பின்பக்கம் மட்டும் வளைந்திருந்தால், எஞ்சின் நின்றிருந்தது அல்லது மிகக் குறைந்த சக்தியில் ஓடியது என்று சந்தேகிக்கலாம்.

மண்ணில் அலகு வெட்டிய தடங்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு அலகு ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2400 முறை சுற்றினால் விநாடிக்கு 80 வெட்டு விழும். தடங்களுக்கு இடையே 50 செ.மீ. இருந்தால் வேகம் விநாடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கி.மீ. ஜிபிஎஸ் பதிவிலிருந்து வேகம் தெரிந்தால், இதே கணக்கைத் திருப்பிப் போட்டுச் சுழற்சியைக் கண்டுபிடிக்கலாம்.

அடுத்தது எரிபொருள். விமானம் தீப்பிடித்தது என்றால் டாங்கியில் எரிபொருள் இருந்தது, அவ்வளவுதான்; அது எஞ்சினுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. எந்த டாங்கியிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் தேர்வு வால்வின் கைப்பிடி மோதலில் நகர்ந்திருக்கலாம் என்பதால், வால்வையே பிரித்து எந்தத் துளை திறந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிஞ்சிய சில மில்லிலிட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று சோதிப்பார்கள்.

எஞ்சினைப் பணிமனையில் வைத்து, கிராங்க் ஷாஃப்டைக் கையால் சுற்றி, ஸ்பார்க் பிளக் துளையில் கட்டைவிரலை வைத்து ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவைத் தனியாகச் சுழற்றிப் பொறி வருகிறதா என்றும் பார்ப்பார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் எஞ்சின் நின்றிருக்கலாம். அப்போது சந்தேகம் கார்புரேட்டர் பனிக்கட்டி மேல் போகும். எரிபொருள் ஆவியாவதாலும் அழுத்தம் குறைவதாலும் உள்ளே குளிர்ந்து, வெளியே 20 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் ஈரக்காற்றில் பனி கட்டும். ஆட்கள் வந்து சேர்வதற்குள் அது உருகிவிடும். அன்றைய வெப்பநிலை, பனிநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை), கார்புரேட்டர் சூடாக்கியின் நிலை ஆகியவற்றை வைத்துத்தான் சொல்ல முடியும். அதனால் அறிக்கையில் 'சாத்தியம்' என்று மட்டும் இருந்தால், அது மழுப்பல் அல்ல.

எஞ்சினை மட்டுமே பார்த்தாலும் தவறிவிடும். 2019 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் விழுந்த பைப்பர் மாலிபு விமானத்தின் உடைபாகங்களைக் கடலடியிலிருந்து மேலே கொண்டுவரவே இல்லை. அதில் பயணித்த கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவின் இரத்தத்தில் கார்பாக்ஸி ஹீமோகுளோபின் (புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு சேர்ந்த ஹீமோகுளோபின்) 58 சதவீதம் இருந்தது. எக்ஸாஸ்ட் புகை அறைக்குள் கசிந்து விமானியையும் பாதித்திருக்கும் என்று பிரிட்டன் விசாரணைப் பிரிவு முடிவுக்கு வந்தது. பிரேதப் பரிசோதனையில் இந்த இரத்தப் பரிசோதனையும் செய்யப்பட்டதா என்று கேளுங்கள்.

நீங்கள் செய்யவேண்டியது: விமான லாக் புக், விமானியின் லாக் புக், கடைசிப் பராமரிப்பு ரசீது, எரிபொருள் நிரப்பிய பில், எடைக் கணக்குத் தாள், அவர் சாப்பிட்டு வந்த மருந்துகளின் விவரம் எல்லாவற்றையும் விசாரணையாளரிடம் கொடுங்கள். எரிபொருள் நிரப்பிய இடத்தை உடனே சொல்லுங்கள். அங்கே மாதிரி எடுக்க வேண்டும், அதே டாங்கியிலிருந்து வேறு விமானங்களும் நிரப்பியிருக்கலாம். கிடைத்த போன், டேப்லெட்டைச் சார்ஜ் போட்டு ஆன் செய்யாதீர்கள். நனைந்த கருவியில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளேயிருக்கும் பதிவே போய்விடும். நொறுங்கிய இடத்துக்குப் போகவே வேண்டாம். சில விமானங்களில் ராக்கெட்டால் விரியும் பாராசூட் வெடிக்காமல் கிடக்கும்.

இறுதி அறிக்கையை இயன்றவரை 12 மாதத்துக்குள் வெளியிட வேண்டும் என்கிறது பன்னாட்டு விமானப் போக்குவரத்து விதி. தாமதமானால் ஒவ்வோர் ஆண்டு நிறைவிலும் இடைக்கால அறிக்கை வர வேண்டும். வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். யார் மீது தவறு என்று அந்த அறிக்கை தீர்ப்பளிக்காது. இழப்பீட்டுக்கு வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.