ஸ்கேன் நோர்மல், ஆனா தலையிடி பொய்யில்ல

தங்கச்சி, கண் இமை துடிக்குது, முடி கொட்டுது, நகத்தில வெள்ளைப் புள்ளி எண்டு எழுதினதெல்லாம் ஒண்டுமில்ல, விடுங்க. நீங்க கடைசியில எழுதினதுக்கு வாறன். "நாலு வருசத் தலையிடி, சீடீ ஸ்கேனும் ரத்தமும் நோர்மல், அளந்து காட்டேலாதத சயன்ஸ் ஏத்துக்கொள்ளாது, எல்லாம் உன்ர மனப்பிரமை எண்டு இவர் சொல்லுறார்." இதுதானே உங்கள நித்திரை கொள்ள விடுறேல்ல?

இத அவருக்கும் வாசிச்சுக் காட்டுங்க. உங்கட மாதிரி ஒத்தைத் தலையிடிக்கு மைக்ரேன் எண்டு பேர், அதைக் காட்டுற ஸ்கேனும் இல்ல, ரத்த டெஸ்டும் இல்ல, நோயாளி சொல்லுறத வைச்சுத்தான் நாங்க கண்டுபிடிக்கிறம். ஒரு பக்கம் விண் விண்ணெண்டு இடிக்குது, காலி வீதி பஸ் ஹோர்ன் கேட்டா தாங்கேலாது, வெங்காயம் தாளிக்கிற மணத்துக்கே சத்தி வருது, திரையை இழுத்துவிட்டு இருட்டில படுத்தா ஏழெட்டு மணித்தியாலத்தால விடுது எண்டு எழுதியிருக்கிறீங்களே, எனக்கு இது பெரிய சாட்சி. நோவை நேரா அளக்கிற மீட்டர் இண்டைக்கும் இல்ல, வார்டில பூச்சியத்தில இருந்து பத்துக்குள்ள எவ்வளவு நோகுது எண்டு வாயாலதான் கேக்கிறம். நோகுது எண்டு ஒராள் சொன்னா அத மதிக்கோணும் எண்டு சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020ல எழுதியே வைச்சிருக்கு. பௌதீகத்திலயும் அப்பிடித்தான், நியூட்ரினோ எண்டு ஒரு துகள் இருக்கோணும் எண்டு பவுலி எண்ட விஞ்ஞானி 1930ல சொன்னார், அதின்ர தடயம் பிடிபட்டது 1956லதான். உங்கட தடயத்த ஒரு கொப்பியில எழுதுங்க: வந்த நாள், நேரம், நித்திரை, மாதவிடாய், போட்ட குளிசை.

குளிசை எண்டதும்தான் எனக்குக் கோவம் வருது. ஒவ்வொரு நாளும் காலமை ரெண்டு பனடோலா? மாசத்தில 15 நாளுக்கு மேல இப்பிடிப் போட்டுக்கொண்டே வந்தா அந்தக் குளிசையே தலையிடியக் கொண்டுவரும், கொடீன் எண்ட வலுவான நோ மருந்து கலந்ததெண்டா 10 நாளே காணும். மைக்ரேன் வராமத் தடுக்க வேற மருந்து இருக்கு, அத டொக்டரிட்டக் கேளுங்க. இன்டர்நெட்டில வாசிச்ச மூளைக்கட்டிக் கதையையும் விடுங்க.

முக்கியமாப் பயப்பட வேண்டியது இதுக்கு. இடி விழுந்த மாதிரித் திடீரெண்டு வந்து, ஒரு நிமிசத்துக்குள்ள உச்சத்துக்குப் போற, வாழ்க்கையிலயே வராத தலையிடி. மூளையச் சுத்தி ரத்தம் கசிஞ்சாலும் அப்பிடி வரும். அப்ப பனடோல் போட்டுப் படுக்கவேண்டாம், பழைய ஸ்கேன் நோர்மல்தானே எண்டு காத்திருக்கவும் வேண்டாம், உடன 1990க்கு அடியுங்க, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாம வரும். இந்த நம்பர உங்கட அவரின்ர போனிலயும் போட்டு வையுங்க, அந்த நேரம் உங்களால கதைக்க ஏலாமப் போகலாம்.