ஒரே பெயரில் மூன்று தலைச்சுற்றல்

கேள்வி: எனக்கு வயது 57. தேனி மாவட்டம் கூடலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். தினமும் விடியற்காலை ஜீப்பில் லோயர்கேம்ப் வழியாகக் கேரள எல்லையிலுள்ள குமுளிக்கு ஏறி, ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கும் வேலைக்குப் போய்வருகிறேன். 12 வருடமாகச் சர்க்கரை நோயும் 7 வருடமாக இரத்தக் கொதிப்பும் இருக்கின்றன. ஐந்து மணிக்குச் சர்க்கரை மாத்திரையைப் போட்டு, பால் இல்லாத கட்டன்சாயா மட்டும் குடித்துக் கிளம்புவேன்; கஞ்சி குடிப்பது பத்து மணிக்குத்தான். ஒரு வருடமாகத் தலைச்சுற்றல் படுத்துகிறது. படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் வீடே சுற்றுகிறது. தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது. சில நாள் காலை ஒன்பது மணி வாக்கில் வியர்த்துக் கொட்டி, கைகால் நடுங்கிக் கிறுகிறுக்கிறது. பிரஷர் ஏறிவிட்டது என்று நினைத்து அன்றைக்கு அந்த மாத்திரையில் பாதியைக் கூடுதலாகப் போட்டுக்கொள்வேன். தலைச்சுற்றலுக்கென்று மருந்துக் கடையில் கொடுத்த சின்னரிசின் மாத்திரையை எட்டு மாதமாக விடாமல் சாப்பிடுகிறேன். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று ஒருவர் சொன்னதால் கழுத்துப் பட்டையும் வாங்கினேன். குமுளியில் டாக்டரிடம் ‘மயக்கமாக வருகிறது’ என்றேன். அவர் ராத்திரித் தூக்கம் எப்படி என்றே திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு என்ன நோய்? வேலையை விட்டுவிட வேண்டுமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தையும், உங்கள் மகள் அதன் அடியில் எழுதியிருந்த இரண்டு வரிகளையும், அவர் அனுப்பிய மாத்திரை அட்டைகளின் படத்தையும் பார்த்தேன். நீங்கள் ஒரே நோய் என்று எண்ணிக்கொண்டிருப்பது, எனக்குத் தெரிந்தவரை, மூன்று தனித்தனித் தொல்லைகள். மூன்றுக்கும் நம் பேச்சில் தலைச்சுற்றல் என்ற ஒரு பெயரே இருப்பதால், மூன்றுக்கும் ஒரு மாத்திரை போதும் என்று தோன்றிவிடுகிறது.

முதலில் குமுளி மருத்துவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் உங்களை அலட்சியம் செய்யவில்லை. மலையாளத்தில் ‘மயக்கம்’ என்றால் தூக்கக் கலக்கம், கண் சொக்குதல் என்றே முதலில் பொருள்படும். நாம் மயக்கம் போட்டு விழுவது என்று சொல்வதை அவர்கள் ‘போதக்கேடு’ என்பார்கள், சுற்றலை ‘தலகறக்கம்’ என்பார்கள். எல்லையோரத்தில் இரு மொழிகளும் ஒன்றுபோல ஒலிப்பதால் வரும் சங்கடம் இது. ஆனால் தமிழ் மட்டுமே பேசும் மருத்துவரிடம் போயிருந்தாலும், ‘மயக்கம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவரால் அதிக தூரம் போயிருக்க முடியாது. என்னிடம் வருகிறவர்களின் வாயைவிடக் கையைத்தான் நான் முதலில் கவனிப்பேன். சிலர் தலைச்சுற்றல் என்று சொல்லும்போதே ஆட்காட்டி விரலால் காற்றில் வட்டம் போடுவார்கள். சிலர் உள்ளங்கையால் கண்ணை மூடிக் காட்டுவார்கள். சிலர் தோளை இருபுறமும் அசைத்துத் தள்ளாடிக் காட்டுவார்கள். வட்டம் போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் உள்காதில் கோளாறு இருக்கும். கண்ணை மூடிக் காட்டுகிறவர்களுக்கு இரத்த அழுத்தத்திலும், தள்ளாடிக் காட்டுகிறவர்களுக்குக் காலின் உணர்வு நரம்புகளிலும் தேட வேண்டியிருக்கும். இது முடிந்த முடிவு அல்ல, தேடலைத் தொடங்கும் இடம் மட்டுமே. எந்த வேளையில், என்ன செய்துகொண்டிருந்தபோது, எத்தனை நேரம் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் விடை நெருங்கும். நல்லவேளையாக, அந்த மூன்றையும் உங்கள் கடிதமே சொல்லிவிடுகிறது.

படுக்கையில் வலப்பக்கம் புரளும்போது வீடு சுற்றுவதை எடுத்துக்கொள்வோம். அது அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது என்றும், அந்த நேரத்தில் காது இரைச்சலோ காது அடைப்போ இல்லை என்றும் மகள் குறித்திருக்கிறார். நம் உள்காதில், உடலின் சாய்வை மூளைக்கு அறிவிக்கும் ஒரு சிறு பையில், கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வயது ஏறும்போதோ, தலையில் அடிபட்டாலோ, பல சமயம் காரணமே இல்லாமலோ, அவற்றில் சில பெயர்ந்து பக்கத்திலுள்ள அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடும். தலை திரும்பும்போது அவை குழாயில் உருள, உடல் சுழல்கிறது என்று காது மூளைக்குத் தவறாகச் செய்தி அனுப்புகிறது. துகள் அடங்கியதும் சுற்றலும் அடங்குகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் இது நீடிப்பது அரிது. ஐம்பது வயதைக் கடந்த பெண்களிடம் அதிகமாகக் காணப்படும் இந்தத் தொல்லை உயிருக்கு ஆபத்து இல்லாதது. எனக்கே ஒரு விடியற்காலையில் இது வந்து, சுவிட்சு அணைத்திருந்த மின்விசிறி தலைக்கு மேல் சுற்றுவதைப் பார்த்துக் கட்டிலின் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். காரணம் தெரிந்திருந்தும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆகவே நீங்கள் பயந்ததில் வியப்பில்லை.

இதற்கு மாத்திரை தேவையில்லை. குழாய்க்குள் விழுந்த துகள்களைத் தலையின் அசைவாலேயே வெளியே உருட்டிவிடலாம். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்துக் காது மருத்துவர் ஜான் எப்லி வகுத்த முறை இது. சக மருத்துவர்கள் முதலில் நம்ப மறுத்தார்கள், இன்று உலகெங்கும் செய்யப்படுகிறது. வலக்காதில் கோளாறு என்றால், கட்டிலில் கால் நீட்டி உட்காரவைத்து, தலையை வலப்புறம் பாதி திருப்பி, அப்படியே மல்லாத்தித் தலை சற்றுப் பின்னால் தொங்கும்படி வைப்பார்கள். அப்போது சுற்றும், கண்விழிகள் தாமாகத் துடிக்கும், அது அடங்கும்வரை காத்திருப்பார்கள். பிறகு தலையை மெல்ல இடப்புறம் திருப்பி, சிறிது நேரம் வைத்து, உடலையும் இடப்பக்கமாக ஒருக்களித்து, முகம் தரையைப் பார்க்கும்படி செய்து, கடைசியில் அந்தப் பக்கமாகவே எழுப்பி உட்காரவைப்பார்கள். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம் ஆகாது. பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே குணம் தெரியும். எந்தக் காது என்பதை உறுதி செய்யாமல் வீட்டில் முயல வேண்டாம். முதல் முறை காது மூக்கு தொண்டை மருத்துவரின் கையால் நடக்கட்டும். கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது. ஓரிரு ஆண்டில் இது திரும்ப வந்தாலும் திகைக்காதீர்கள். மறுபடியும் அதே ஐந்து நிமிட வேலைதான். கழுத்துப் பட்டையைப் பரணில் போட்டுவிடலாம். ஐம்பது வயதுக்கு மேல் படம் எடுத்தால் பெரும்பாலோருக்குக் கழுத்து எலும்பில் தேய்மானம் தெரியும். அதற்கும் நீங்கள் சொல்லும் சுற்றலுக்கும் தொடர்பு இல்லை.

குனிந்து நிமிரும்போது கண் இருட்டுவது வேறு கதை. ஏலச்செடியின் சரம் தரையோடு படர்வது. அதில் காய் பறிக்கிறவர் நாளெல்லாம் குனிந்தும் குந்தியும் இருக்கிறார். எழும்போது இரத்தம் காலில் தேங்காமல் மூளைக்கு ஏற, இரத்தக் குழாய்கள் உடனே சுருங்க வேண்டும். நெடுநாள் சர்க்கரை நோயில் அந்தச் சுருக்கத்தை நடத்தும் நரம்புகள் மந்தமாகிவிடுவது உண்டு. அதற்கு மேல் இரத்தக் கொதிப்பு மாத்திரை. அந்த மாத்திரையின் மேல் நீங்களாகச் சேர்த்துக்கொண்ட இன்னொரு பாதி. பிரஷர் ஏறியதால் தலை சுற்றுகிறது என்பது நம் ஊரில் அசைக்க முடியாத நம்பிக்கை; உண்மையில் உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் சத்தமே காட்டாது. நிமிரும்போது கண் இருட்டுகிறவருக்குப் பிரஷர் அந்தக் கணத்தில் இறங்கியிருக்கிறது. இறங்கியதை மேலும் இறக்கும் மாத்திரையை நீங்கள் விழுங்கிக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பாதி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். மருத்துவர் எழுதிய அளவை மட்டும் நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

படத்தில் இன்னொன்றும் தெரிந்தது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் மாத்திரைகளில் இரத்தக் கொதிப்புக்கான அம்லோடிபின் 5 மில்லிகிராம் இருக்கிறது. குமுளியில் எழுதிய மாத்திரை வேறொரு வணிகப் பெயரில், வேறு நிறத்தில் இருந்தாலும், அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் அதே அம்லோடிபின் 5 மில்லிகிராமும் கூடவே டெல்மிசார்டன் என்ற இன்னொரு கொதிப்பு மருந்தும் இருப்பதாகப் போட்டிருக்கிறது. இரு மாநிலத்திலும் சிகிச்சை பெறுகிறவர்களிடம் நான் அடிக்கடி காணும் சிக்கல் இது: அங்கே எழுதியவருக்கு இங்கே கொடுப்பது தெரியாது, இங்கே கொடுப்பவருக்கு அங்கே எழுதியது தெரியாது. இரண்டு உறைகளையும் ஒரே பையில் போட்டு, ஒரே மருத்துவரின் மேசையில் கொட்டிக் காட்டுங்கள். மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் பிரஷர் பார்க்கும் கருவி இருக்கும். ஐந்து நிமிடம் படுத்திருந்த பிறகு ஒரு முறையும், எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். நின்றதும் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அந்தத் தாளை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். மாத்திரையின் அளவையும் வேளையையும் மாற்ற அவருக்கு அது போதும்.

காலை ஒன்பது மணி வியர்வையும் நடுக்கமும், நான் பார்த்த அளவில், இரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோவதன் அடையாளங்கள். ஐந்து மணிக்கு கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டு, கட்டன்சாயா மட்டும் குடித்து ஜீப் ஏறுகிறீர்கள். கஞ்சி குடிப்பது பத்து மணிக்கு. அந்த மாத்திரை சோறு வரும் என்று நம்பி இன்சுலினைச் சுரக்கவைத்துவிடுகிறது. சோறு ஐந்து மணி நேரம் கழித்து வருகிறது. கிளிமிபிரைடு போட்டால் உடனே சாப்பிட வேண்டும். வீட்டில் சாப்பிட நேரமில்லை என்றால் மாத்திரையைத் தோட்டத்துக்கே கொண்டுபோய்க் கஞ்சிக்குச் சற்று முன் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வியர்த்து நடுங்கும் வேளையில், சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தாலோ, கருவி கையில் இல்லாவிட்டாலோ, மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை; தெளிந்ததும் கஞ்சி. பலர் மடியில் கடலை மிட்டாய் வைத்திருக்கிறார்கள்; கடலையின் கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும், ஆகவே அவசரத்துக்கு அது உதவாது. இப்படி அடிக்கடி சர்க்கரை தாழ்ந்தால் சிறுநீரகத்தையும் பரிசோதிக்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தால் இந்த மாத்திரை உடலில் கூடுதல் நேரம் தங்கும்.

இனி மகள் எழுதிய இரண்டாவது வரி: ‘அம்மா இப்போது முன்னைவிட மெதுவாக நடக்கிறார், கையைச் சும்மா வைத்திருக்கும்போது விரல் ஆடுகிறது.’ கடிதம் முழுவதிலும் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த வரி இதுவே. சின்னரிசின் சில நாட்களுக்கு மட்டும் தர வேண்டிய மருந்து. மாதக்கணக்கில் சாப்பிட்டால், குறிப்பாக வயது முதிர்ந்தவர்களுக்கு, பார்க்கின்சன் நோய் போன்ற மந்த நடையையும் நடுக்கத்தையும் அது உண்டாக்கக்கூடும். காதின் குறையை ஈடுகட்ட மூளை தானாகப் பழகிக்கொள்வதையும் அது தடுக்கிறது. மருத்துவரிடம் காட்டி அதை நிறுத்துங்கள். மருந்தால் வந்த நடுக்கம் பெரும்பாலும் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும்.

கால் பாதத்தின் உணர்வையும் சோதித்துக்கொள்ளுங்கள். முகம் கழுவக் கண்ணை மூடும்போது உடல் தள்ளாடினால், பாதத்தின் நரம்புகள் மந்தமாகியிருக்கின்றன என்று கொள்ளலாம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறைந்தும் இப்படி ஆகும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

சில அடையாளங்கள் வந்தால் நான் மேலே எழுதிய எதையும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். திடீரென்று தொடங்கிய சுற்றல் நிற்காமல் நீடிப்பது, பேச்சுக் குழறுவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, வாய் கோணுவது, ஒரு பக்கக் கைகால் சோர்வது, பிடிமானம் இல்லாமல் நிற்கவே முடியாமல் போவது, இதுவரை அறியாத கடும் தலைவலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். சர்க்கரையும் கொதிப்பும் உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். மூளையின் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். 108 எண் மலைக்கு மேலேயும் கீழேயும் ஒன்றுதான். தோட்டத்தில் மருந்து அடித்த நாளில் தலைச்சுற்றலோடு எச்சில் ஊறிக் கண் மங்கினால் அது பூச்சிமருந்தின் வேலையாக இருக்கலாம். உடனே ஆடையை மாற்றி, சோப்புப் போட்டுக் குளித்து, எந்த மருந்து அடித்தார்கள் என்ற விவரத்தோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் காதுச் சிகிச்சை முடிந்து, மாத்திரைகள் ஒழுங்காகும்வரை, சரிவில் இறங்கிப் பறிக்கும் வேலை வேண்டாம். சர்க்கரைக்காரி என்று ஜீப்பில் இடம் தர மாட்டார்களோ என்ற உங்கள் தயக்கம் புரிகிறது. இருந்தாலும் கங்காணியிடமும், கூட வேலை செய்யும் ஒருவரிடமாவது, வியர்த்து நடுங்கினால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள். இந்த இரண்டு மூன்று வாரங்களுக்குக் காய் தரம் பிரிக்கும் இடத்தில், உட்கார்ந்து செய்யும் வேலையாகக் கேட்டுப் பாருங்கள். திரும்பச் செடிக்குப் போகும்போது, ஒரு முழங்காலை ஊன்றி, பத்து எண்ணி, பிறகு எழுந்து நில்லுங்கள். எழும்போது ஏலச்செடியைப் பிடிக்காதீர்கள், அது உங்கள் எடையைத் தாங்காது, பக்கத்திலுள்ள நிழல் மரத்தைப் பிடியுங்கள். ஜீப்பில் வளைவுகள் குமட்டினால் முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பாருங்கள். தன்னார்வலர் எழுதித் தரும் அந்த மூன்று எண்களையும், காது மருத்துவர் எந்தக் காது என்று சொன்னார் என்பதையும் மகளை விட்டு எனக்கு எழுதச் சொல்லுங்கள்.