மருத்துவர் பதில்: வீட்டில் லேசர் மெஷின், எந்தக் கண்ணாடி போடுவது?

கும்பகோணத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு,

கடிதத்தில் பத்துப் பன்னிரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் எடுத்துக்கொள்வது, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் விஷயத்தை. போன ஞாயிற்றுக்கிழமை எவர்சில்வர் தாம்பாளத்தில் லேசர் மெஷினால் பேர் வெட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் பத்து வயது மகள் கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். "கண்ணுக்குள்ள ஒரு புள்ளி தெரியுதுப்பா" என்றும் சொல்லியிருக்கிறாள். மறுநாள் ஒன்றும் சொல்லவில்லை, வலியும் இல்லை, அதனால் விட்டுவிட்டேன் என்கிறீர்கள்.

விடக்கூடாது. விழித்திரைக்கு வலி தெரியாது. அங்கே தீக்காயமே பட்டாலும் கண் சிவக்காது, உறுத்தாது, நீர் வடியாது. பார்வையின் நடுவில் ஒரு கரும்புள்ளியோ மங்கலோ வரும், அவ்வளவுதான். அதுவும் ஒரு கண்ணில் மட்டும் வந்தால் இன்னொரு கண் ஈடுகட்டிவிடும். பெரியவர்களுக்கே தெரியாமல் போகும்போது பத்து வயதுக் குழந்தை தானாக வந்து சொல்வாள் என்று காத்திருக்க முடியாது.

இன்று மாலையே இதைச் செய்யுங்கள். அவளுடைய கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நடுவே பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். படிக்கிற தூரத்தில் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, அந்தப் புள்ளியை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றியுள்ள கோடுகள் எங்காவது வளைகிறதா, விட்டுப்போகிறதா, ஓரிடம் மட்டும் அழுக்குப் பட்டதுபோல் மங்குகிறதா என்று கேளுங்கள். அப்புறம் அடுத்த கண். வெளிச்சத்தைப் பார்த்த பிறகு கண்ணுக்குள் நிற்கும் சாதாரணப் புள்ளி சில நிமிடங்களில் கரைந்துவிடும். மறுநாளும் நிற்கிற புள்ளி, வளைந்து தெரிகிற கோடு, இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே விழித்திரை மருத்துவரிடம் போக வேண்டும். தஞ்சாவூர் உங்களுக்கு ஒரு மணி நேரத் தொலைவுதான்.

கோடுகள் நேராகத் தெரிந்தாலும் இந்த வாரத்துக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள். கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்ப்பார்கள், அதை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கிற ஓசிடி ஸ்கேன் எடுப்பார்கள். ஊசி கிடையாது, சில நிமிட வேலை. "லேசர் பட்டிருக்கலாம்" என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், மெஷின் எத்தனை வாட் என்பதையும் சொல்லுங்கள். மெஷினின் லென்ஸிலிருந்து தள்ளிப் போகப் போக இந்தக் கதிர் விரிந்துவிடும். அதனால் அவள் தப்பித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் அதைப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். காயம் இருந்தால் சில சமயம் தானாகக் கொஞ்சம் ஆறும், சில சமயம் தழும்பாக நின்றுவிடும். விழித்திரையின் நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். இதில் எதுவும் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யக்கூடியது இல்லை.

இனி கண்ணாடி. உங்களுடையது 10 வாட், 455 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல லேசர். இந்த நிற ஒளி கண்ணின் முன்பகுதியைத் தாண்டி நேராக விழித்திரை வரை போகும். பூதக்கண்ணாடி வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரிப்பதுபோல, நம் கண்ணின் லென்ஸே அதைக் குவித்துக் கொடுத்துவிடும். கண்ணைச் சிமிட்டித் தப்பிப்பதற்குக் கால் விநாடி ஆகிறது. கதிர் 1 மில்லிவாட்டுக்குள் இருந்தால்தான் அந்தச் சிமிட்டல் நம்மைக் காப்பாற்றும். உங்கள் மெஷினில் இருப்பது அதைப்போல் பத்தாயிரம் மடங்கு. மரப்பலகையில் வேலை செய்யும்போது ஒளி சிதறிப் போகிறது. பாலிஷ் போட்ட தட்டையான தாம்பாளம் கதிரை அப்படியே திருப்பி அடிக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கவலை தருவது இதனால்தான்.

மெஷினோடு இலவசமாக வந்த பச்சைக் கண்ணாடியை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. கண்ணாடியின் மேலேயே இரண்டு விவரம் பொறித்திருக்க வேண்டும்: எந்த அலைநீளத்திலிருந்து எதுவரை தடுக்கிறது, அந்த இடத்தில் அதன் ஓ.டி., அதாவது ஒளியைத் தடுக்கும் திறனின் அளவு, எவ்வளவு. உங்கள் 455 அந்த எல்லைக்குள் வர வேண்டும். ஓ.டி.யில் ஒவ்வொரு எண் கூடும்போதும் உள்ளே வரும் ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும். 10 வாட்டுக்கு ஓ.டி. 4 போட்டால் 1 மில்லிவாட், அதாவது சரியாக எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள். ஓ.டி. 5 என்றால் 0.1 மில்லிவாட். ஆகவே 5க்குக் குறைந்து வாங்காதீர்கள், 6 கிடைத்தால் இன்னும் நல்லது. இஎன் 207 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி சோதித்ததாகக் குறியிட்டிருந்தால் நம்பலாம். லென்ஸ் மட்டுமில்லாமல் பிரேமும் நேரடிக் கதிரைச் சில விநாடி தாங்குகிறதா என்று அதில் பார்க்கிறார்கள். சில விநாடிதான், வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இல்லை.

ஆன்லைனில் "200 முதல் 2000 வரை எல்லா லேசருக்கும்" என்று போட்டு விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் அந்த அளவுக்குத் தடுக்கிற கண்ணாடி கன்னங்கரேலென்று இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு எதையும் பார்க்க முடியாது. நீல லேசரைத் தடுப்பவை பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில் வரும். உங்கள் பச்சைக் கண்ணாடி வழியாக செல்போன் திரையில் ஒரு நீலப் படத்தைப் பாருங்கள். நீலம் நீலமாகவே தெரிந்தால் குப்பையில் போடுங்கள். கறுப்பாகத் தெரிந்தால் தேறிவிட்டது என்று அர்த்தமில்லை, எண்ணும் இருக்க வேண்டும். லேசரையே அடித்துச் சோதிக்கிற வேலை வேண்டாம்.

கடையில் வாங்கிய, கம்ப்யூட்டர் பார்க்கப் போடுகிற ப்ளூ கட் கண்ணாடி போதாதா என்கிறீர்கள். போதாது. அது நீல ஒளியில் ஒரு பகுதியைத்தான் குறைக்கிறது, இங்கே தேவை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைப்பது. கூலிங் கிளாஸும் வெல்டிங் கண்ணாடியும் இதற்குச் செய்தவை அல்ல. பவர் கண்ணாடி போடுகிறவர் என்பதால் அதற்கு மேலேயே மாட்டக்கூடிய, பக்கவாட்டை மூடுகிற மாதிரியாகக் கேட்டு வாங்குங்கள். ரொம்பவும் இருட்டடிக்கிற கண்ணாடி வேண்டாம், பத்து நிமிடத்தில் நெற்றிக்கு ஏற்றிவிடுவீர்கள். கீறலோ விரிசலோ விழுந்தால் மாற்றிவிட வேண்டும்.

அடுத்து, நாச்சியார்கோவில் குத்துவிளக்கில் பேர் போட ஃபைபர் லேசர் வாங்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அது 1064 நானோமீட்டர், கண்ணுக்கே தெரியாத கதிர், ஆனால் விழித்திரை வரை போகும். தெரியாததால் கண் சிமிட்டவும் செய்யாது. ஆரஞ்சுக் கண்ணாடி அதைத் தடுக்காது. அந்த மெஷின் வந்தால் அதற்கென்று தனிக் கண்ணாடி வாங்கித்தான் ஆக வேண்டும்.

உங்கள் கண்ணில் எரிச்சலும் நீர் வடிவதும் புகையால் வருகிறது. அக்ரிலிக் எரிகிற புகை கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துப் புகையை வெளியே தள்ளுங்கள். ரெக்ஸின், பிவிசி இரண்டையும் மெஷினில் வைக்கவே கூடாது, அவை எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு வரும்.

அந்த எரிச்சலுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மூன்று வாரமாகச் சொட்டு மருந்து விடுகிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பு உடனே மறையும், உள்ளே கண் அழுத்தம் ஏறும், நாளானால் கண்புரையும் வரும். மகளைக் கூட்டிப் போகும்போது பாட்டிலையும் எடுத்துப் போய் உங்கள் கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நந்தியாவட்டைச் சாறும் வேண்டாம்.

மற்றவை: இந்த லேசரின் ஒளியால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது பொய். கண் முன்னால் மிதக்கிற நூல்கள் உங்கள் வயதில் சகஜம். திடீரென்று நிறைய வந்தாலோ, மின்னல் வெட்டினாலோ, திரை விழுந்தாற்போல் இருந்தாலோ மட்டும் ஓடி வாருங்கள். பொன்னாங்கண்ணி தாராளமாகச் சாப்பிடலாம், லேசரை அது தடுக்காது.

மகளுக்கும் ஒரு கண்ணாடி வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரியவர்கள் அளவுக் கண்ணாடி குழந்தை முகத்தில் பொருந்தாது, கன்னத்துப் பக்கம் இடைவெளி விடும். மெஷின் ஓடும்போது அவள் அந்த அறைக்குள் வர வேண்டாம், கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளுங்கள். பார்க்க ஆசைப்பட்டால் உள்ளே ஒரு கேமராவை வைத்து, கூடத்தில் உட்கார்ந்து திரையில் பார்க்கட்டும். ஸ்கேன் முடிவு வந்ததும் எழுதுங்கள்.