வீட்டுக் காற்று: டீச்சரிடம் கேட்டவை

பர்மாவின் தட்டோனிலிருந்து ஒரு தாயார்: ராத்திரி கரண்டு இருக்கிறதில்லை. கதவைச் சாத்தி, கொசுவர்த்தி வைத்துத்தான் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறேன். தப்பா டீச்சர்?

உங்க மேல தப்பு இல்லைம்மா. சுருளில் கொசு மருந்து நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. மிச்சமெல்லாம் மரத்தூள், சிரட்டைத்தூள், மாவு. அது எட்டு மணி நேரம் புகைகிறதே, அங்கேதான் வினை. சீனா, மலேசியாச் சுருள்களை எரித்துப் பார்த்து 2003இல் ஒரு ஆய்வு வந்தது. ஒரு சுருள் எரிந்து முடிய வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்றது. எங்க வீட்டில் சுருள் வைக்கும் பிஸ்கட் டப்பா மூடியைத் துடைத்தால், விரலில் தேன் மாதிரி பழுப்புப் பிசின் ஒட்டும். பிள்ளை இழுப்பதும் அதைத்தான்.

அதுக்காகக் கொசுவோடு கிடங்கன்னு சொல்ல மாட்டேன். வலை கட்டுங்க. டெங்குக் கொசு பகலில் கடிக்கும். நாம் சுருள் வைப்பதோ ராத்திரி! பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை வேணும். சுருள் வைத்தே ஆகணும்னா சாயங்காலம் வைத்து, படுக்கும் முன்னே அணைத்து, முன் ஜன்னலையும் பின்கதவையும் திறந்து விடுங்க. யாங்கோன் வீடெல்லாம் ரயில் பெட்டி மாதிரி நீளம். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று நகராது.

பெகு: ஆரஞ்சு வாசனை ரூம் ஸ்பிரே இயற்கையானதுதானே?

ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீன்தான் அந்த வாசனை. தெருவிலிருந்து வரும் ஓசோனோடு அது சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு என்கிற நச்சு வாயு உண்டாகும், நுண்துகளும் உண்டாகும். ஓசோன் வேதியியல்காரன், இயற்கையா செயற்கையா என்று கேட்க மாட்டான். நாற்றம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க, அதைக் கழுவுங்க.

மோல்மேன்: முகத்தில் பூசும் தனாக்கா மரப்பட்டைக் குழம்பு?

கட்டை, கல், தண்ணீர். தாராளமா பூசுங்க.

யாங்கோன், இளைஞர்: சென்ட், ஹேர் ஸ்பிரே எல்லாம் எம்மாத்திரம்? வண்டிப் புகைதானே பெரிசு?

நானும் அப்படித்தான் நினைச்சேன் தம்பி. 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்: தொழில்வள நகரங்களில், பெட்ரோலிய மூலத்திலிருந்து வரும் கரிம ஆவிகளில் ஏறக்குறைய பாதி பெயின்ட், துப்புரவுத் திரவம், பூச்சி மருந்து, அழகுப் பொருள் போன்றவற்றிலிருந்து வருகிறதாம். பெட்ரோலை எரிப்பதற்கு வாங்குகிறோம். சென்டை ஆவியாவதற்கென்றே வாங்குகிறோம். அது நம்ம ஊர்க் கணக்கு அல்ல, ஆனால் வேதியியல் ஒன்றுதான்.

பெரியவர் ஒருவர்: சாம்பிராணியையும் குறை சொல்வீர்களோ? எங்க பாட்டன் காலத்திலிருந்து போடுகிறோம்.

ஐயா, புகை புகைதான். வெள்ளிக்கிழமை ஐந்து நிமிஷம், ஜன்னல் திறந்து, போடுங்க.

அதே பெரியவர்: கிருமியைக் கொல்லும் என்பார்களே?

மூச்சுக் குழலையும் உறுத்தும் ஐயா. உங்க பாட்டன் வீட்டில் கீற்றுச் சுவர், கூரையில் இடைவெளி. உங்களுக்குக் கான்கிரீட், ஏசி. சாம்பிராணி மாறலை, வீடு மாறிடுச்சு.

இன்னொருவர்: பெரியவர் சொல்வதில் நியாயம் இருக்கு டீச்சர். கோயிலில் போடலாமா?

கோயில் மண்டபம் திறந்த இடம். போதும், சாம்பிராணியை இத்தோடு விடுங்க.

பெகு: மூலிகைக் கொசுவர்த்தி?

முதல் பதிலைப் படிங்க.

மோல்மேன்: ட்ரங்குப் பெட்டியில் அந்துருண்டை போட்ட பழைய சேலையைத் தொட்டிலுக்குக் கட்டலாமா?

கூடவே கூடாது! நாஃப்தலீன் உருண்டையாக இருந்தால், ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடுள்ள குழந்தைக்கு ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். மலேரியாவுக்குப் பிரிமாகுயின் கொடுக்கும் முன் பார்க்கிறார்களே, அதே குறைபாடுதான், பர்மாவில் அரிதல்ல. துவைத்து, பல நாள் வெயிலில் போட்டு, வாசனை துளியும் இல்லாதபோது கட்டுங்க. உடனே வேணும்னா வேறு சேலை எடுங்க.

யாங்கோன்: செடி வைத்தால் காற்று சுத்தமாகுமா?

அழகாக இருக்கும்.

தட்டோன்: டைல்ஸ் கறைக்குப் பிளீச்சையும் கக்கூஸ் ஆசிட்டையும் கலக்கலாமா?

கலந்தால் குளோரின் என்கிற விஷ வாயு. பிளீச்சை அம்மோனியா உள்ளதோடு கலந்தால் குளோரமின், அதுவும் விஷம். ஒன்றைப் போட்டுத் தேய்த்து அலசி, மறுநாள் மற்றது.

மோல்மேன்: கொஞ்சமாகக் கலந்தால்?

கலக்காதீங்க.