மூச்சு எடுக்கிற இடம்

வணக்கம் ஐயா,

வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு வகுப்பு எடுக்கிறேன். பாதிப்பேர் நேரில் வருகிறார்கள், மற்றவர்கள் கனடா, லண்டனிலிருந்து சூமில். கொஞ்சக் காலமாக எனக்கென்று தம்பூராவைப் போட்டுக்கொண்டு இருந்தால் ஒன்றும் வருவதில்லை. உள்ளே வற்றிப்போன மாதிரி. மூச்சுப் பயிற்சியால் படைப்பூக்கத்தைத் தூண்டுவதாக இணையத்தில் ஒரு வகுப்பு நடக்கிறது, கட்டணம் கொஞ்சம் கூட. சேரலாமா? பிள்ளைகளுக்கும் பாட்டுக்கு முன் பிராணாயாமம் பழக்கலாமா? சோதனைக்கு அவர்களை எப்படி ஆயத்தப்படுத்துவது என்றும் சொன்னால் நல்லது.

ம., கொழும்பு 6

அன்புள்ள ம.,

சோதனையை விடுங்கள். அதற்குப் பாடத்திட்டம் இருக்கிறது, பழைய வினாத்தாள் இருக்கிறது, என்னைவிட அக்கறையான தாய்மார் இருக்கிறார்கள். பிராணாயாமமும் இப்போதைக்கு வேண்டாம். அந்த இணைய வகுப்பு உங்கள் காசு, உங்கள் பாடு. மனம் பதறும்போது கொஞ்ச நேரம் சும்மா இருந்து மூச்சைக் கவனித்தால் பதற்றம் இறங்கும், அது மெய்தான். அதனால் கல்யாணி ராக ஆலாபனை பொங்கி வரும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

நான் பதில் எழுத இருந்ததற்குக் காரணம் வேறு. போன கிழமை ஒரு கல்யாண வீட்டில் நாதஸ்வரம் கேட்டேன். நல்ல வாசிப்பு. பக்கத்துக் கதிரையில் வயரோடு ஒரு சுருதிப் பெட்டி. நாதஸ்வரத்துக்குச் சுருதியாக ஒரே சுரத்தை ஊதிக்கொண்டிருக்கும் ஒத்துக்காரரைக் காணவில்லை. இப்போது எங்கே காணக் கிடைக்கிறது!

நான் அரைக்காற்சட்டை போட்ட காலத்தில், செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஆடிவேல் விழாத் தேர் வரும்போது அப்பா என்னைக் காலி வீதிக்குக் கூட்டிப்போவார். எல்லோரும் தேரைப் பார்ப்பார்கள், நான் ஒத்துக்காரரின் கன்னத்தைப் பார்ப்பேன். விரல் வைக்கத் துளை இல்லாத குழல். ஒரே சுரம். நாதஸ்வரக்காரர் ஊதுவார், நிறுத்துவார், வாயில் வைத்து ஊதும் சீவாளியைத் துடைப்பார், தவிலுக்கு விட்டுக்கொடுப்பார். இந்த மனிசனுக்கு நிறுத்தமே கிடையாது. கன்னம் இரண்டும் உப்பியிருக்கும். திடீரென்று மூக்குத் துவாரம் ஒருதரம் விரியும், அதே நேரம் கன்னம் கொஞ்சம் வற்றி, உடனே திரும்ப உப்பும். கன்னத்தில் சேர்த்த காற்றைக் குழலுக்குள் தள்ளிக்கொண்டே மூக்கால் புதுக் காற்றை எடுக்கிறார் என்று அப்பாதான் விளங்கப்படுத்தினார். வீட்டுக்கு வந்து ஒரு கிளாஸ் தண்ணீரில் ஸ்ட்ரோவை விட்டு, குமிழி அறாமல் ஊதிப் பார்த்தேன். தண்ணீர் மூக்கால் வந்தது. அப்பா சிரித்துவிட்டுச் சொன்னார்: “நாதஸ்வரக்காரர் களைச்சால் ஒத்துக்காரர் பிடிப்பார் தம்பி. ஒத்துக்காரர் களைச்சால் ஆர் பிடிக்கிறது?”

அவரிடம் போய் உள்ளே ஊறுகிறதா, வற்றுகிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. அவருக்கு மூச்சு ஒரு வேலை. அதைப் பழகியிருந்தார். நாங்கள்தான் அதை ஏதோ மேலிருந்து இறங்கும் வரமாக ஆக்கி, இப்போது அதற்குக் கட்டணமும் வாங்குகிறோம்.

இந்த இடத்தில்தான் எனக்கு உங்கள்மேலும், பொதுவாகப் பாட்டு ஆசிரியர்கள்மேலும் கோபம். பிள்ளையின் கொப்பியில் சுரம் எழுதுகிறீர்கள், தாளம் எழுதுகிறீர்கள், காலம் எழுதுகிறீர்கள். எங்கே மூச்சு எடுப்பது என்று ஒரு கோடாவது போட்டதுண்டா? ஏதாவது பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் ‘தோடுடைய செவியன்’ தேவாரம் பாடுவதைக் கேளுங்கள். “தோடுடைய செவியன் விடை” — ஒரு பெரிய மூச்சு — “யேறியோர் தூவெண்” — இன்னொரு மூச்சு — “மதிசூடி”. இறைவன் இடபத்தில் ஏறி முடிப்பதற்குள் பிள்ளைக்கு மூச்சு முட்டிவிடுகிறது. ‘செவியன்’ முடிந்ததும் எடுத்திருந்தால் பொருளும் உடையாது, தொண்டையும் இறுகாது.

அந்த மூச்சையும் பாருங்கள். தோள் காதுமட்டும் உயரும், கழுத்து நரம்பு புடைக்கும், வயிறு அசையாது. வளர்ந்த ஒருவர் சும்மா இருக்கும்போது ஒருதரம் இழுப்பது ஏறக்குறைய அரை லீற்றர் காற்று. நிறைய இழுத்து முழுக்க விட்டால் 3 முதல் 5 லீற்றர் வரும். பிள்ளைக்கு இதைவிடக் குறைவு, ஆனாலும் ஒரு தேவார வரிக்குத் தாராளம். முதல் இரண்டு எழுத்திலேயே எல்லாவற்றையும் ஊதித் தள்ளிவிட்டு மிச்சத்துக்குத் திண்டாடுகிறார்கள். இழுக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, பிறந்த நாளிலிருந்து இழுக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லிக்கொடுங்கள். ஒரே ‘ஸ்’ஸை தாளத்தை மூன்று ஆவர்த்தம், அதாவது மூன்று சுற்று, போட்டபடி விடட்டும். அதற்குப் பிறகு அகாரம், ‘ஆ’ என்று நீட்டிப் பாடுவது.

இது ஏன் உங்கள் காதில் விழவில்லை தெரியுமா? பிள்ளை பாடும்போது நீங்களும் கூடவே பாடுகிறீர்கள். அது மூச்சு விட்ட இடத்தை உங்கள் குரல் மூடிவிடுகிறது. நீங்கள் பகல் முழுக்க இருபது பேருடைய மூச்சுக்கும் சேர்த்துப் பாடிவிட்டு, இரவில் தம்பூராவுக்கு முன்னால் வந்து இருந்தால் எது வரும்? களைத்த தொண்டைக்குக் கற்பனை வற்றினமாதிரித்தான் இருக்கும். சுடுதண்ணி குடித்துவிட்டுப் படுங்கள்.

சூம் வகுப்பில் இன்னொரு கரைச்சல். அது இரைச்சலைக் குறைப்பதாக நினைத்துத் தம்பூராவையும் மூச்சுச் சத்தத்தையும் சேர்த்து அமுக்கும். இசைக்காரருக்கென்றே ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று அதில் ஒன்று இருக்கிறது. பிள்ளையின் பக்கத்தில் அதைப் போட்டுவிடும்படி தாய் தகப்பனுக்குச் சொல்லுங்கள். பிறகு உங்கள் மைக்கை மியூட் பண்ணுங்கள்.