செக் என்ஜின் விளக்கு எரிகிறது, மேடேறும்போது வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது. ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

மாற்றாதீர்கள். இந்த வாரமாவது மாற்றாதீர்கள். 11,400 ரூபாய் கொடுத்து அதே சென்சாரை (புகைக்குழாயில் எவ்வளவு ஆக்ஸிஜன் வருகிறது என்று பார்க்கும் கருவி) மாற்றிவிட்டு, அதே மஞ்சள் விளக்கைப் பார்த்தபடி வால்பாறை மலைப்பாதையில் நின்றவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

உங்களுடையது பெட்ரோல் கார், வாரண்டி முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். வாரண்டி இருந்தால் எதையும் தொடாமல் சர்வீஸ் சென்டர் தலையிலேயே கட்டுங்கள். டீசல் என்றால் அது வேறு உலகம், என் கதை உதவாது.

என்னுடையது நாலு சிலிண்டர் ஹேட்ச்பேக். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வாட்டர் வாஷுக்கு விட்டேன். பானெட்டைத் திறந்து உள்ளேயும் அடிக்கச் சொன்னது நான்தான், மறைக்கவில்லை. சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி எடுத்ததெல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பத்து நாள் கழித்து மேம்பாலம் ஏறும்போது வண்டி திக்கியது. இரண்டு நாளில் விளக்கு எரிந்தது. சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் விட்டேன், ஸ்கேன் போட்டு அணைத்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் திரும்ப எரிந்தது. இந்த முறை ஸ்கேன் காகிதத்தில் பி0171 என்ற கோளாறு கோட் இருந்த வரியைப் பேனாவால் வட்டமிட்டு, "சென்சார் போயிருச்சு சார்" என்றார்கள். மாற்றினேன். ஒரு வாரம் விளக்கு எரியவில்லை.

தீபாவளி லீவுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வால்பாறை கிளம்பினோம். ஆழியாறிலிருந்து மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவை, அதாவது எல்லோரும் நிறுத்தி அணையைப் படம் பிடிக்கிற இடத்தை நெருங்கும்போது வண்டி உதற ஆரம்பித்தது. விளக்கு வெறுமனே எரியவில்லை, விட்டு விட்டு மின்னியது. ஓரங்கட்டிவிட்டு, பொள்ளாச்சியில் தெரிந்த மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் முதலில் கேட்டது:

"தண்ணி அடிச்சீங்களா தம்பி?"

பின்சீட்டிலிருந்து அம்மா பார்த்த பார்வை இருக்கிறதே. "இல்லைங்ண்ணா, மலையில வண்டி ஓட்டிட்டு இருக்கேன்" என்று நான் பதற, "உங்களுக்கில்லைங்க, என்ஜினுக்கு!" என்று சிரித்தார்.

மெதுவாக இறங்கி அவர் பட்டறைக்கே போனோம். பத்து எம்எம் ஸ்பேனரால் ஒரு போல்ட்டைக் கழற்றி, மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை, அதாவது பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பாகத்தை, உருவி எடுத்தார். பிளக் உட்காரும் குழிக்குள் செம்மண் நிறத்தில் துருத்தண்ணீர். காயிலின் நுனி ரப்பரில் மேலிருந்து கீழாக, எறும்பு ஊர்ந்த தடம்போல மெல்லிய ஒரு கோடு. "கரண்ட் பிளக்குக்குப் போகாம இந்த வழியா ஓடிப்போயிடுது" என்றார். சும்மா நிற்கும்போது தெரியாதாம். மேடேறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பிளக்கில் பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும், அப்போது மின்சாரம் சுலபமான வழியைப் பார்த்துக்கொள்ளும்.

நான் நம்பாத முகத்தோடு நின்றிருக்க வேண்டும். மூன்றாவது காயிலை முதல் சிலிண்டரிலும், முதலாவதை மூன்றிலும் மாற்றிப் போட்டு என்னையே ஓட்டச் சொன்னார். அதுவரை பி0303 என்று வந்த கோட் பி0301 ஆனது. பி030-க்குப் பின்னால் வரும் எண் எந்த சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்பதைக் காட்டும். காயிலோடு சேர்ந்து கோளாறும் இடம் மாறிவிட்டது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஒரு காயில், நாலு பிளக், கூலி எல்லாம் சேர்த்து 3,900.

அப்புறம்தான் டேஷ்போர்டில் கிடந்த அந்த ஸ்கேன் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். வட்டமிட்ட வரிக்குக் கீழே இன்னொரு வரி. பி0303. அன்றைக்கே என் கையில்தான் இருந்திருக்கிறது.

சென்சார் பாவம், அது உண்மையைத்தான் சொன்னது. ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாவிட்டால் அதற்குள் போன ஆக்ஸிஜன் செலவாகாமல் அப்படியே புகைக்குழாய்க்கு வரும். அதைப் பார்த்து 'கலவையில் பெட்ரோல் போதவில்லை' என்று சென்சார் புகார் செய்யும். அதுதான் பி0171. இன்டேக் பக்கம் எங்காவது காற்று கசிந்தாலும், பெட்ரோல் பம்ப் அழுத்தம் குறைந்தாலும் இதே கோட் வரும். கோட் என்பது புகார் மனு மாதிரி, குற்றவாளியின் பெயர் அதில் இருக்காது.

சர்வீஸ் சென்டர்காரர்கள் எல்லோரும் திருடர்கள் என்று சொல்ல வரவில்லை, சண்டைக்கு வராதீர்கள். சென்சார் நிஜமாகவே போவதும் உண்டு. ஆனால் சோதித்துவிட்டு மாற்றுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டதற்கு "ஸ்கிராப்புக்குப் போயிருச்சு சார்" என்றார்கள். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

இப்போது ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, பானெட்டைத் திறக்காமலே கோட்களைப் படிக்கிற புளூடூத் ஓபிடி கருவி ஒன்று வைத்திருக்கிறேன், சில நூறு ரூபாய்தான். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் பானெட்டைத் திறந்தால் போதும், 'பொது இடத்தில் ரிப்பேர் வேலை கூடாது' என்று சங்கச் செயலாளர் குரூப்பில் மெசேஜ் போட்டுவிடுவார். அவருடைய காற்றிறங்கிய பழைய கார் மூன்று வருடமாக விருந்தாளிகள் நிறுத்துமிடத்தில் கவர் போட்டுத் தூங்குகிறது. அது பொது இடம் இல்லையாம். சரி, அதை விடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிப் போய்க் காட்டலாம். மின்னினால் ஆக்சிலரேட்டரை விட்டு ஓரங்கட்டுங்கள், எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும். அதன் விலைக்கு முன்னால் சென்சார் ஒன்றுமே இல்லை. ஸ்கேனில் வந்த கோட் எதையும் அழிக்க விடாதீர்கள். விளக்கு எரிந்த நொடியில் ஆர்பிஎம் என்ன, என்ஜின் சூடு என்ன என்ற பதிவும் அதோடு போய்விடும். ஸ்கேன் காகிதத்தைக் கேட்டு வாங்கி எல்லா வரியையும் படியுங்கள். என்னென்ன கோட், சமீபத்தில் என்ஜினுக்குத் தண்ணி அடித்தீர்களா என்று இங்கே எழுதுங்கள். அதுவரை அட்வான்ஸ் எதுவும் கட்டிவிடாதீர்கள்.