என்ன புக் படிக்கலாம்? கேளுங்க, சொல்றேன்

18 வருஷமா ஒரு சின்ன லெண்டிங் லைப்ரரில உக்காந்திருக்கேன். யாராவது உள்ள வந்து "நல்ல புக்கா ஒண்ணு குடுங்க"ன்னா நான் திருப்பி கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், கடைசியா எந்தக் கதையை கீழ வைக்க மனசே வரல? அதை சொல்லிட்டா பாதி வேலை முடிஞ்சுது. நீங்க அனுப்புனதுல முடிஞ்ச வரைக்கும் பதில் போட்டிருக்கேன்.

கேள்வி: அக்கா, டைம் டிராவல் லவ் ஸ்டோரி ஒண்ணு வேணும், படிச்சா நல்லா அழணும்.

அப்போ ஆட்ரி நிஃபெனெகரோட 'தி டைம் டிராவலர்ஸ் வைஃப்', 2003ல வந்தது. ஹென்றி சிகாகோல லைப்ரேரியன், அவன் உடம்புல இருக்கற ஒரு மரபணுக் கோளாறுனால நின்ன இடத்துலேயே மறைஞ்சு வேற வருஷத்துல போய் விழுவான், அதுவும் போட்டிருக்கற துணி கூட வராது. கிளேர் அவனை முதல் தடவை பாக்கும்போது அவளுக்கு 6 வயசு, அவனுக்கு 36. ஆனா அவன் அவளை முதல்ல பாக்குறது அவனோட 28 வயசுல, அப்போ அவளுக்கு 20, அவளுக்கு எல்லாம் தெரியும் அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. அந்த சின்னப் பொண்ணு அவன் வருவான்னு புல்வெளில துணி எடுத்து வச்சிட்டு காத்திருப்பா பாருங்க, எனக்கு அழுகை அங்கேயே ஆரம்பிச்சிருச்சு. முதல் 50 பக்கம் தேதியும் வயசும் குழப்பும், ஒவ்வொரு பகுதிக்கு மேலயும் போட்டிருக்கறத பாத்துட்டே போங்க, பழகிரும்.

கேள்வி: என் பொண்ணுக்கு 15 வயசு, அவுட்லேண்டர் வேணும்னு அடம் பிடிக்கிறா. குடுக்கலாமா மேடம்?

இப்போ வேண்டாம்மா. டயானா கேபல்டன் 1991ல எழுதுன முதல் புக் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட ஸ்காட்லாந்துக்கு வர்ற நர்ஸ் ஒருத்தி நட்டுவச்ச கல்லுங்களுக்கு நடுவுல போய் 1743ல விழுறா, இன்னும் மூணே வருஷத்துல பிரிட்டிஷ் அரசுப் படையோட நடக்கற கலோடன் போர்ல அந்த ஸ்காட்லாந்து மலைநாட்டு ஜனங்க அழியப் போறாங்கன்னு அவளுக்கு மட்டும் தெரியும். ஆனா கடைசிப் பகுதில சித்திரவதையும் பாலியல் வன்முறையும் ரொம்ப விவரமா வருது, பெரியவங்களே கொஞ்சம் நிறுத்தி நிறுத்திதான் படிப்பாங்க. நீங்க முதல்ல படிங்க, அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு காதல் கதைன்னாலே ஆகாது, ஹிஸ்டரிதான். டைம் டிராவல்ல அவருக்கு ஏதாவது?

ஆக்டேவியா பட்லரோட 'கிண்ட்ரெட்', 1979. 1976ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்கற டேனாங்கற கறுப்பினப் பொண்ணு, மேரிலேண்ட்ல அடிமை முறை இருந்த காலத்துக்கு இழுத்துட்டுப் போகப்படுறா. அங்க பண்ணை முதலாளியோட மகன் சாகப் போற நேரம்லாம் இவ போய் காப்பாத்தணும், ஏன்னா அவன் இவளோட மூதாதை, அவன் செத்தா இவ வம்சமே இல்ல. கொடுமைக்காரனா வளர்றவனை உயிரோட வச்சிருக்க வேண்டிய நிலைமை. படிச்சிட்டு உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார்னு எனக்கு கண்டிப்பா எழுதுங்க.

கேள்வி: 6 வயசுப் பையனுக்கு கிரிம் சகோதரர்கள் ஒரிஜினல் பதிப்புன்னு வாங்கிட்டேன்க்கா, படிச்சுக் காட்டினதுல பயந்து அழுதுட்டான். இதெல்லாம் குழந்தைங்க கதைதானே?

இந்தக் கேள்வி மாசத்துக்கு ஒண்ணு வந்துரும். கிரிம் சகோதரர்கள் ஜெர்மனிக்காரங்க, 1812ல அவங்க போட்ட முதல் தொகுப்பு குழந்தைங்களுக்காகன்னு இழைச்சு எழுதுனது இல்ல, ஜனங்க வாய்வழியா சொன்ன கதையை சேத்து வச்சு, ஆராய்ச்சிக் குறிப்போட, படம் கூட இல்லாம வந்த புக். அதுல ஸ்னோ ஒயிட்டை கொல்லப் பாக்குறது பெத்த தாயே, 1819 பதிப்புலதான் சித்தி ஆனா. ராபன்சல் "என் துணி ஏன் இறுக்கமாவுது"ன்னு வெகுளியா கேக்குறதையும், அதாவது அவ கர்ப்பமா இருக்கான்னு காட்டுற இடத்தையும், பிறகு எடுத்துட்டாங்க. 1857 வரைக்கும் 7 பதிப்பு, ஒவ்வொண்ணுலயும் தட்டித் தட்டி மாத்துனாங்க. அதனால "ஒரிஜினல்"னு அட்டைல பாத்து வாங்காதீங்க, எந்தக் கதைக்கு யாரோட வடிவம்னு பாருங்க. சிண்ட்ரெல்லாவுக்கு பிரெஞ்சுக்காரர் பெரோ 1697ல போட்டது நல்லது, கண்ணாடிச் செருப்பு அதுலதான், கடைசில அவ அக்காங்களை மன்னிச்சிருவா. கிரிம் வடிவத்துல ஒருத்தி கால்விரலை வெட்டிக்குவா இன்னொருத்தி குதிகாலை வெட்டிக்குவா, செருப்புல ரத்தம் நிக்கும். ஆனா சிவப்புத் தொப்பிக் குட்டிப்பொண்ணு கதைக்கு அப்படியே தலைகீழ், பெரோ வடிவத்துல ஓநாய் அவளை தின்னுரும், அதோட கதை முடிஞ்சுது. கிரிம்லதான் வேட்டைக்காரன் வந்து வயித்தைக் கிழிச்சு வெளிய எடுப்பான். உங்க பையனுக்கு அதைப் படிங்க, நைட்டு தூங்கிருவான்.

கேள்வி: லிட்டில் மெர்மெய்ட் புக்ல அவ செத்துப் போறாளாமே?

ஆமா. டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1837ல எழுதுனதுல இளவரசன் வேற பொண்ணைக் கட்டிக்கிறான், அவனைக் குத்தச் சொல்லி அக்காங்க கத்தி கொண்டு வந்து குடுக்குறாங்க, இவ அதைக் கடல்ல வீசிட்டு நுரையாகிடுறா. அதுக்கப்புறம் காத்தோட மகள்கள்ல ஒருத்தியா மாறுவா. 9, 10 வயசுக்கு மேல குடுங்க.

கேள்வி: அலாவுதீன் இல்லாத ஆயிரத்தொரு இரவுகள் புக் ஒண்ணு வந்துருச்சு, ஏமாத்திட்டாங்களா?

இல்லப்பா, அது நல்ல புக்காத்தான் இருக்கும். பழைய அரபு ஏட்டுப் பிரதில அலாவுதீனும் கிடையாது, அலிபாபாவும் கிடையாது. 1709ல பாரிஸ்ல அலெப்போக்காரர் ஹன்னா தியாப் வாயால சொன்ன கதைங்க அது, ஆயிரத்தொரு இரவுகளை மொழிபெயர்த்துட்டிருந்த பிரெஞ்சுக்காரர் கலான் தன்னோட பிரெஞ்சுத் தொகுப்புல சேத்துக்கிட்டார். பேர் போடாம விட்டுட்டாங்க அந்த மனுஷனுக்கு, அது எனக்கு இப்பவும் ஆறல.

கேள்வி: இங்கிலீஷ்ல இதுவரைக்கும் ஒரு நாவல் கூட முடிச்சதில்ல. எங்க ஆரம்பிக்க?

தோஷிகாசு கவாகுச்சியோட 'பிஃபோர் த காஃபி கெட்ஸ் கோல்ட்', ஜப்பான்ல இருந்து வந்தது. டோக்கியோல ஒரு காஃபி கடை, ஒரே ஒரு நாற்காலில உக்காந்தா பழைய நாளுக்குப் போலாம், காஃபி ஆறுறதுக்குள்ள திரும்பிரணும், போய் என்ன செஞ்சாலும் இன்னைக்கு இருக்கறது மாறாது. நாலு கதை, எளிய வாக்கியம். நாளுக்கு 10 பக்கம், டிக்‌ஷனரி தொடாம.

கேள்வி: அம்மாவுக்கு 74, கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் படிக்கவே மாட்டேங்கறாங்க. நான் படிச்சுக் காட்டலாம்னு இருக்கேன், தமிழ்ல என்ன?

எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) தொகுத்த நாட்டுப்புறக் கதைகள். வாங்கும்போது பாத்து வாங்குங்க, 'வயது வந்தவர்களுக்கு மட்டும்'னு தனியா ஒரு தொகுப்பு இருக்கு, அது வேற. இன்னொரு தமிழ்க் கதை ஏ.கே. ராமானுஜனோட இங்கிலீஷ் தொகுப்புல இருக்கு, 1991ல வந்தது, அதை நீங்களே உங்க பேச்சுல சொல்லுங்க. ரெண்டு மகனும் மருமகளுங்களும் பாடாப் படுத்துற ஒரு விதவை, சொல்லி அழ ஆளில்லாம எல்லாத்தையும் உள்ளேயே வச்சு வச்சு உடம்பு ஊதிக்கிட்டே போகுது. ஒரு நாள் கூரை இல்லாத பாழடைஞ்ச வீட்டுக்குள்ள போய் ஒரு செவுத்துக்கிட்ட பெரிய மகனைப் பத்தி சொல்றா, செவுரு பொலபொலன்னு இடிஞ்சு விழுது. அடுத்த செவுத்துக்கிட்ட அவன் பொண்டாட்டியைப் பத்தி. நாலு செவுரும் விழுந்தப்போ அவ மனசும் லேசு, உடம்பும் லேசு.

சொல்லி முடிச்சிட்டு உடனே அடுத்த கதைக்குப் போயிராதீங்க. கொஞ்ச நேரம் சும்மா பக்கத்துல இருங்க, அவங்க ஏதாவது பேச ஆரம்பிச்சா போனை ஓரமா வச்சிட்டு கேளுங்க.